கல்மலைச் சாலையில் நின்றவருக்கு

நேற்றிலிருந்து நம் வீட்டு முன்னால் சாலை போடுகிறார்கள். பழைய சாலையைக் கொத்திப் போட்டுவிட்டு, புதுக் கல்லைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, நீராவி உருளையை மேலும் கீழும் ஓட்டுகிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்ததும் அந்த வாடை உள்ளே வந்தது. நனைந்த கல்தூளின் வாடை. கொஞ்சம் மழை போலவும் கொஞ்சம் வெடிமருந்து போலவும் இருக்கும். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. அடுப்பில் வைத்த காப்பி பொங்கி வழிந்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

அந்த வருஷம் முழுக்க உங்கள் சட்டையில் அடித்தது இந்த வாடைதான். எத்தனை முறை அலசினாலும் வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு தங்கும். "விடு அருளு, நாளைக்கும் அதே எடத்துலதான நிக்கப் போறேன்" என்பீர்கள். நான் விடமாட்டேன். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்து வைப்பேன். நம் ஊர்க்காரர்கள் உங்களைப் பற்றி என்ன பேசினாலும் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

இதை எழுத உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. நீங்கள் இருந்திருந்தாலும் இந்த மடலை நான்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போலீசில் கையெழுத்துப் போட மட்டும் இங்கிலீஷில் உங்கள் பெயரைப் படம் வரைவது போல வரையக் கற்றுக்கொண்டீர்கள். சாயங்காலம் நான் பத்திரிகை படிக்க, நீங்கள் பேனாக்கத்தியால் நகம் வெட்டிக்கொண்டே கேட்பீர்கள். அதே பழக்கத்தில் இதையும் கேளுங்கள். இப்போது எந்தக் காதுப் பக்கம் உட்காருவது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை.

கம்பம் என்று நாம் சொல்லும் அந்த மலாய்க் கிராமத்தை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அதன் நிழல்தான். ஆயர் ஈத்தாமில் டிராமை விட்டு இறங்கி, மலையடியை ஒட்டிப் போகும் கல்மலைச் சாலையில் நடந்தால், வெயில் சட்டென்று அறுந்துபோகும் இடம் அது. டுரியான் மரங்கள், ஜாதிக்காய் மரங்கள், இடையில் கால் முளைத்த மாதிரி உயர்ந்து நிற்கும் பலகை வீடுகள். மலாய்க்காரர்கள் அங்கே எப்போது வந்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. பட்டணத்தில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய பாட்டன்மார் அந்தக் காட்டைத் திருத்திவிட்டார்கள் என்பார்கள். அதற்கு அவர்களிடம் காகிதம் எதுவும் கிடையாது. மலையின் தோளில், பெரிய மரம் ஒன்றின் கீழே, அவர்களுடைய இடுகாடு இருந்தது. அதைத்தான் காட்டுவார்கள்.

காகிதம் கல்மலைக் கம்பெனியிடம் இருந்தது. ஓடைவரைக்கும் எங்கள் நிலம் என்று எவரிடமோ வாங்கிய பத்திரம். பட்டணத்துச் சாலைகளுக்கெல்லாம் அந்த மலையிலிருந்துதான் கல் போய்க்கொண்டிருந்தது. வெடி வைக்கிறவர், உடைக்கிறவர், வண்டியில் ஏற்றிப் போகிறவர் எல்லாரும் நம் ஆட்கள். சீனர்கள் கொஞ்சம் பேர். என் அண்ணன் சவரிமுத்துவும் அங்கேதான் மாட்டுவண்டி ஓட்டினார். வருஷத்துக்கு வருஷம் மலை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெடி இடுகாட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாள் வெடித்த பாறைகள் சிதறி, நான்கைந்து குழிகளின் மேல் விழுந்தன. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கம்பத்து ஆண்கள் மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். பெண்கள் பாய் விரித்து அதன் பின்னால் உட்கார்ந்தார்கள். கல்மலையில் வேலை நின்றுபோனது.

கம்பத்துத் தலைவர் வக்கீல் வைத்தார். தீர்ப்பு வரும்வரை வெடி வைக்கவும் கூடாது, அங்கிருப்பவர்களை அப்புறப்படுத்தவும் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டர் துரை உங்களைக் கூப்பிட்டார். கார்ப்பொரல்களில் உங்களுக்குத்தான் மலாய் தண்ணீர் மாதிரி வரும். உங்களுக்குக் கீழே கொஞ்சம் போலீஸ் மாத்தாக்களைக் கொடுத்து, சண்டை நடக்காமல் பார்த்துக்கொள் என்று அனுப்பினார். இரண்டு மூன்று வாரத்தில் முடியும் என்று நினைத்தோம். மழைக்காலம் வந்து போன பிறகும் நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தீர்கள்.

அங்கே போன முதல் நாளே உங்கள் ஆட்களுக்கு ஒரு கட்டளை போட்டீர்கள். "ரெண்டு பக்கத்துலயும் ஒரு வாய் காப்பிகூட வாங்கக் கூடாது." அதனால் நான் சோறு கொண்டுவர வேண்டியதாயிற்று. மத்தியான டிராமில் ஏறி, மூன்றடுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு அந்த நிழலுக்குள் நடந்து வருவேன். நீங்கள் மதகுச் சுவரில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கண் வைத்துக்கொண்டே சாப்பிடுவீர்கள். கருவாட்டுச் சம்பல் வைத்த நாளில் மட்டும் கொஞ்சம் தலை குனியும்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் கம்பத்து மாக் திஜாவை எனக்குத் தெரிந்தது. கணவர் இல்லாதவர். என்னைவிடப் பத்து வயது மூத்திருக்கலாம். மெலிந்த உடம்பு, பெரிய குரல். மரத்துக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மாத்தா பெண்டாட்டி, உம் புருஷன் எங்க தண்ணிய குடிக்க மாட்டேங்கிறான். விஷம்னு நினைக்கிறானா?"

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், அத்தை முறை வைத்து, "எங்க ஆளுங்ககிட்டயும் குடிக்க மாட்டாரு மாக் சிக்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நீ போலீஸ் இல்லையே. நீ குடி" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டீர்கள். அதுதான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அவர் என்னை இடுகாட்டுக்குக் கூட்டிப் போனார். பெயர் வெட்டிய கல் ஒன்றுகூட இல்லை. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று ஆற்றில் எடுத்த கற்களை நட்டிருந்தார்கள். யார் எங்கே கிடக்கிறார் என்பது அவர் வாயில்தான் இருந்தது. இது என் அம்மா, இது என் வீட்டுக்காரர், இது அவருடைய அண்ணன் என்று கைநீட்டிச் சொன்னார். மேலே விழுந்த பாறைகளை இன்னும் எடுக்கவில்லை. கோர்ட்டில் காட்ட வேண்டுமாம்.

இதை வந்து உங்களிடம் சொன்னேன். எனக்குக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோர் நினைவு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். பத்து வயதில் அப்பாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர் நீங்கள். வந்த மறுவருஷமே அந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு அப்பா போய்விட்டார். நமக்குக் கல்யாணமான புதிதில், அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று படகேறி என்னைக் கூட்டிப் போனீர்கள். கரும்பு போய் ரப்பர் வந்திருந்தது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். நீங்கள் ஒரு வரிசையில் நுழைந்து இன்னொரு வரிசையில் வெளியே வந்தீர்கள். மறுபடியும் நுழைந்தீர்கள். வாங்கிப் போன மெழுகுவர்த்தியைக் கடைசியில் ஒரு மரத்தடியில் ஏற்றி வைத்துவிட்டு, "இங்கதான் எங்கயோ" என்றீர்கள்.

ஆனால் அதை வைத்து நீங்கள் கம்பத்துப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கம்பத்து இளைஞர்கள் கல்மலைக் கொட்டகையின் பூட்டை உடைத்தபோது அவர்களைப் பிடித்து அடைத்தது நீங்கள்தான். நாம் குடியிருந்த போலீஸ் லைனில் மலாய் மாத்தாக்களின் மனைவிமார் கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார்கள். நம் ஆட்களோ அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

கல்மலை நின்று இரண்டாம் மாதம் ஆகியிருந்தது. சந்தையில், டிராமில், கோயில் வாசலில், எங்கே போனாலும் ஒரே பேச்சு. சாலைக்குக் கல் இல்லை, குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அந்த வழியாகக் காய்கறி கொண்டுவரும் சீனர்கள் சுற்றிக்கொண்டு வருகிறார்கள், விலை ஏறிவிட்டது. நாலு மரத்தை நகர்த்தத் துப்பில்லாத போலீஸ் என்ன போலீஸ். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் எழுந்து பின்வரிசைக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் கல் உடைக்கிறவர். அவள் கழுத்தில் இருந்த சங்கிலி இல்லாததைப் பார்த்தேன். எனக்குக் கோபப்பட முடியவில்லை.

அன்று மத்தியானம் சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தமாகக் கூப்பிடுகிறவர், சத்தமில்லாமல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சோறு வைத்தேன். பாதிதான் தின்றார். மீதியை இலையில் கட்டித் தரச் சொன்னார், பிள்ளைகளுக்கு.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன், கோபப்படக் கூடாது" என்றார். "அந்த மரத்த எடுத்துப் போட உங்க ஆளுங்களுக்கு ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஆகாது மச்சான்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"கோர்ட்டு சொல்லல."

"கோர்ட்டு வந்து எம்பிள்ளைங்களுக்குச் சோறு போடுமா? காலையில மரவள்ளிக் கிழங்கு, ராத்திரியும் அதேதான். மாடு ரெண்டும் எலும்பா நிக்குது. நான் யாரு நெலத்தையும் கேக்கல மாப்ள. ஏற்கெனவே வெடிச்ச கல்லு உள்ள கெடக்குது, அத ஏத்திக்கிட்டு வர ரோட்டத்தான் கேக்குறேன்."

"அவங்களும் பெருசா ஒண்ணும் கேக்கல. செத்தவங்க மேல கல்லு விழக் கூடாதுங்குறாங்க."

"அப்ப உசுரோட இருக்கிற நாங்க?"

நீங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் குரல் உடைந்தது. "உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம். நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா, அத மட்டும் சொல்லுங்க."

"நடுவுல நிக்கச் சொல்லிருக்காங்க. நிக்கிறேன்."

அண்ணன் எழுந்து துண்டை உதறினார். "நாளைக்கு வண்டியப் பூட்டிக்கிட்டு வரோம். எல்லாரும் வராங்க. நாந்தான் முன்னால வருவேன். நீங்க நாளைக்கு லீவு சொல்லிடுங்க மாப்ள. உங்களுக்கு எதுனா ஒண்ணுன்னா நான் இவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"நான் வராட்டி வேற ஒருத்தன் வந்து நிப்பான் மச்சான்" என்றீர்கள். "அவனுக்கு உங்களத் தெரியாது."

மறுநாள் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வந்தேன். வழக்கமான நேரத்துக்கு முன்பே டிராம் ஏறிவிட்டேன். ஆயர் ஈத்தாமிலேயே கூட்டம் தெரிந்தது. காலி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பக்கத்தில் கடப்பாரையும் சம்மட்டியுமாக ஆட்கள். கல்மலைக்குச் சம்பந்தமே இல்லாத பட்டணத்து ஆட்களும் வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். பெரிய சத்தம் போட்டது அவர்கள்தான். நான் சாலையை விட்டு இறங்கி, மேட்டு வழியாக வந்து, மதகுக்குப் பக்கத்தில் ஒரு ஜாதிக்காய் மரத்தடியில் ஒதுங்கினேன்.

நீங்கள் உங்கள் ஆட்களை இரண்டாகப் பிரித்திருந்தீர்கள். பாதிப் பேர் வண்டிகளைப் பார்த்து நின்றார்கள், பாதிப் பேர் மரங்களைப் பார்த்து. முதுகோடு முதுகு. மரங்களுக்குப் பின்னால் கம்பத்து ஆண்கள் எழுந்து நின்றார்கள். சிலர் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. இன்ஸ்பெக்டர் துரை கூடுதல் ஆள் கேட்கப் பட்டணத்துக்குப் போயிருந்தார்.

வண்டிகள் நகர்ந்தன. முன் வண்டியில் அண்ணன். நீங்கள் நடந்துபோய் அந்த மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நம் வீட்டு வாசலில் எத்தனையோ முறை கட்டிக் கிடந்த மாடு அது. உங்களைத் தெரிந்துகொண்டு தலையை ஆட்டியது.

"மாத்தா, வழி விடு!"

"அவங்ககிட்ட எவ்வளவு வாங்கின?"

"உஞ்சாதிக்காரன் பட்டினி கெடக்கிறான், கண்ணு தெரியலையா?"

நீங்கள் அண்ணனிடம் மட்டும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் வண்டிகளுக்குப் பின்னாலிருந்து கல் வந்தது. பெரிய கல் இல்லை, கைக்குள் அடங்குவதுதான். உங்கள் இடது பொட்டில் காதோரமாக விழுந்தது. தொப்பி கீழே விழுந்தது. நீங்கள் ஒரு முழங்காலில் சாய்ந்தீர்கள், கயிற்றை விடவில்லை. காதிலிருந்து இரத்தம் கழுத்துப் பட்டியில் இறங்கியது.

மாத்தாக்கள் தடியை ஓங்கினார்கள். "இறக்கு! தடிய இறக்கு!" என்று நீங்கள் கத்தியது மலை முழுக்கக் கேட்டது. உங்களோடு வாழ்ந்த அத்தனை வருஷத்தில் உங்கள் குரல் அந்த அளவுக்கு உயர்ந்தது அன்று மட்டும்தான். அந்தப் பக்கம் கம்பத்து இளைஞன் ஒருவன் கத்தியோடு மரத்தின் மேல் ஏறிவிட்டான். மாக் திஜா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு உட்கார வைத்தார்.

நீங்கள் எழுந்து நின்று, "மச்சான், வண்டியத் திருப்புங்க. பைய திருப்புங்க, மாடு மெரளுது" என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்பது போல இருந்தது அந்தக் குரல்.

அண்ணன் உங்கள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை இழுத்தார். வண்டி பாதி திரும்பிச் சாலைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னே வர முடியவில்லை. "வண்டிய நகத்துடா சவரி" என்று கத்தினார்கள். அண்ணன் இறங்கிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்தக் கோபம் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து போனது. கூடுதல் ஆட்களோடு துரை வந்து சேர்ந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எவரும் இல்லை. நான் என் முந்தானையைக் கிழித்து உங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யார் அடித்தது?" என்று துரை கேட்டார்.

"பார்க்கல துரை."

வீட்டுக்கு வந்ததும் நானும் கேட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பார்க்கத் திரும்பியிருந்தா கயித்த விட்டிருப்பேன் அருளு." அந்த இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒருவரைக்கூடப் பிடிக்காத போலீஸ், கையாலாகாத போலீஸ் என்று பத்திரிகையில் எழுதினார்கள். நான்தான் உங்களுக்குப் படித்தேன். முடித்ததும், மறுபடி படி என்றீர்கள். படித்தேன். "சரி, மழை எப்ப வருதுன்னு போட்டிருக்கானா பாரு" என்றீர்கள். அந்த வருஷம் வரவேண்டிய சார்ஜன் பட்டை வரவில்லை. நம் ஆட்கள் உங்களுக்குக் கம்பத்து மாத்தா என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் இறக்கும்வரை சிலர் வாயில் அந்தப் பெயர்தான் இருந்தது.

தீர்ப்பு வந்தது. நிலம் கம்பெனிக்கு. இடுகாட்டை மட்டும் வேலி போட்டு விட்டுவைக்க வேண்டும்; கம்பெனியைக் கேட்டுக்கொண்டு உறவுக்காரர்கள் போய் வரலாம். வீடுகள் எல்லாம் காலியாக வேண்டும். அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியவர் யார் என்று துரை யோசிக்கவே இல்லை. நீங்கள்தான்.

அன்று உங்களோடு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாக் திஜாவின் முகத்தை நீங்கள் தனியாகப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் ஏணிப்படியில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அன்னிக்கு நீ எங்களுக்காக அடி வாங்கினேன்னு நினைச்சேன்" என்றார்.

"யாருக்காகவும் இல்ல மாக் சிக். சண்டை நடக்கக் கூடாதுன்னு நின்னேன்."

"இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தியா?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். சட்டம் என்றோ, துரை என்றோ, என் பிழைப்பு என்றோ. நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். திரும்பி நடந்தபோது என்னிடம், "அந்தம்மா கேட்டது சரிதான்" என்றீர்கள். அவ்வளவுதான்.

குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிலர் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கம் வயல் வைத்திருந்த சொந்தங்களிடம் போனார்கள். மாக் திஜாவுக்கு ஓடைக்கு அப்பால் தம்பி வீட்டுப் பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. வீட்டைப் பிரிக்க மாட்டேன் என்றுவிட்டார். மலாய்க்காரர்கள் வீட்டை முழுசாகத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அன்றுதான் பார்த்தேன். கூரையில் பாதியைக் கழற்றிவிட்டு, தூண்களோடு சேர்த்து நீளமான மூங்கில்களைக் கட்டினார்கள். நிறையத் தோள் வேண்டும். ஆனால் பாதி ஆண்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். தூக்கினார்கள், ஒரு மூலை எழும்பவில்லை. இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள்.

நீங்கள் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கெடு முடிகிற நாள் அது. சற்று நேரம் கழித்துத் தொப்பியைக் கழற்றினீர்கள். பெல்ட்டை, காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தீர்கள். உள்பனியனோடு போய் அந்த எழும்பாத மூலையில் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தீர்கள். யாரும் உங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அப்போது கல்மலைக்குத் திரும்பவும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணனுடைய வண்டி வந்தது, நின்றது. பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. "என்னடா சவரி?" என்று யாரோ கேட்டார்கள். "மாடு கொஞ்சம் நிக்கட்டும்" என்று அண்ணன் இறங்கினார். பின்னாலேயே இன்னும் சிலர் இறங்கினார்கள். கல் சுமந்து காய்ப்பேறிய தோள்கள். வீடு எழும்பியது. மலாயில் ஒருவர் குரல் கொடுக்க, நம் ஆட்கள் தமிழில் ஓங்கி அதை வாங்க, அது ஆடி ஆடி ஓடையில் இறங்கி அக்கரை ஏறியது. உள்ளே எங்கோ மாட்டியிருந்த ஒரு பாத்திரம் வழியெல்லாம் தட்டிக்கொண்டே போனது.

இறக்கி வைத்ததும் மாக் திஜா ஏணி சாத்தி உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். அண்ணன் ஒரு சப்பைக் கல்லைத் தேடி எடுத்துத் தூணுக்கடியில் கொடுத்தார். பிறகு எல்லாருக்கும் இளநீர் வெட்டினார்கள். அண்ணன் குடித்தார். நீங்கள் அதற்குள் வந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, பெல்ட்டை இறுக்கி, சாலையில் போய் நின்றுவிட்டீர்கள். அதை ஏதோ நல்லபடியாக முடிந்த கதை போல அண்ணன் பிற்காலத்தில் சொல்லும்போதெல்லாம் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். ஒரு பெண்ணுடைய வீட்டை அவளுடைய மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டு போனோம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது உங்கள் எண்ணம். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அண்ணன் இறங்கி வந்ததையும் என்னால் ஒன்றுமில்லை என்று தள்ள முடியவில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசி நாட்களில் ஏதேதோ பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மலாய்ப் பெயர்கள். இத்தாம், ஹாஜர், லொங் அமின், மாட் சாலே என்று ஒன்றன்பின் ஒன்றாக. உங்களுக்குக் கீழே வேலை பார்த்த மாத்தாக்களைக் காலை அணிவகுப்புக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன். "எல்லாரும் வந்துட்டாங்க, நீங்க தூங்குங்க" என்று சொன்னேன்.

அடக்கத்துக்கு மாக் திஜா வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் வாசலில் நின்றார். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. தம்பி மகள் கைபிடித்துக் கூட்டி வந்தாள். பேச்சுவாக்கில் காய்ச்சலில் நீங்கள் சொன்ன பெயர்களைச் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கிட்ட சொல்லவே இல்லையா அவன்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் காலை, காக்கி இல்லாமல், வெறும் வேட்டி சட்டையோடு நீங்கள் தனியாக அங்கே போயிருக்கிறீர்கள். இடுகாட்டில் கிடக்கிறவர்கள் பெயரையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மாக் திஜாவுக்கு உங்கள் மேல் கோபம். எதற்கு என்று கேட்டாராம். "இன்னும் ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்" என்றீர்களாம். அவர் ஒவ்வொரு கல்லாகக் காட்டிச் சொல்ல, நீங்கள் பின்னாலேயே நடந்து சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். தப்பாகச் சொன்னால் அவர் திருத்தியிருக்கிறார். எழுதத் தெரியாதவர் வேறு எப்படி வைத்துக்கொள்வார்? போலீஸ் வேலை முடிந்த பிறகும், அவ்வப்போது அவர் வீட்டுப் பக்கம் போய் வாசலில் நின்று சொல்லிக் காட்டிவிட்டு வருவீர்களாம். நீங்கள் மீன் வாங்கப் போயிருக்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வேலி இருந்த இடத்தைச் சுற்றி மலையே இல்லை. நடுவில் ஒரு மேடு மட்டும் நிற்கிறது. ஏறிப் போக வழி இல்லை. மாக் திஜாவின் தம்பி மகளுக்கு அவற்றில் இரண்டு மூன்று பெயர்கள்தான் தெரியும்.

அதனால் நான் கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் மாக் திஜா வீட்டுக்குப் போய் உட்காருவேன். அவர் சொல்வார், நான் சொல்வேன். என் வாயில் அந்தப் பெயர்கள் கொஞ்சம் தமிழாகிவிடுகின்றன; அவர் சிரித்துக்கொண்டே திருத்துவார். எங்கள் ஜெபத்தில் சேர்த்துச் சொல்லலாமா என்று கேட்டேன். பெயரைச் சொல்வதற்கு எந்தக் கோயிலாக இருந்தால் என்ன என்றார். உங்களுக்காக ஜெபமாலை சொல்லி முடித்ததும், உங்கள் அப்பா பெயரைச் சொல்லி, அதற்குப் பிறகு அவர்களை வரிசையாகச் சொல்கிறேன்.

மரத்துக்குப் பக்கத்தில், கடைசியில், ஒரு சின்னக் குழி இருக்கிறது. பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தை. மாக் திஜாவின் முதல் பிள்ளை. அதை எனக்கு அவர் முன்பு காட்டவே இல்லை. அந்த இடம் வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். பெயர் இல்லை என்று தெரிந்ததும், "அனாக் திஜா" என்றீர்களாம். திஜாவின் பிள்ளை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசியில் அதைத் தவறாமல் சொல்லுவீர்களாம்.

நானும் அப்படியே சொல்கிறேன்.